முப்பது நோன்பும் ஒரு நூலும்

கருத்தடை லூப் போட்ட பெண் ஒருத்தி உங்கள் முன்னால் வந்து நின்று "தோள் நோகுது" என்கிறாள். நீங்கள் முதலில் எங்கே கை வைப்பீர்கள்?

தோளில்தானே? நானும் அங்கேதான் வைத்தேன். அழுத்திப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன், இறக்கச் சொன்னேன். நோக்காட்டுக் குளிசை இரண்டு எடுத்து நீட்டினேன். அந்த நேரம் அவளுடைய வயிற்றுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் மருத்துவிச்சிகளின் கூட்டம் ஒன்றுக்குப் பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான ஒரு பிள்ளை தன் பையிலிருந்து, கரு தரித்ததா என்று சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிற அந்தச் சின்னப் பட்டியை எடுத்துக் காட்டி, "இது இல்லாம நீங்கள் எப்பிடி அன்ரி எக்டொபிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். எக்டொபிக் என்றால் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில், தரிப்பது. கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் பதில். அதைச் சொல்லத் தொடங்க வடையும் தேநீரும் வந்துவிட்டன. வடைக்கு முன்னால் யாரும் வாயைத் திறந்து கதைக்க ஏலாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. திருகோணமலைப் பட்டினத்துப் பெண்கள் கல்லூரியில் உயிரியல் படித்தவள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. வாய்க்கு மட்டும் குறைவில்லை. மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போனபோது, டொக்டராக வேண்டியவள் வழி தவறி வந்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. ஒன்றரை வருடத்தில் பிள்ளை எடுக்கவும் கொடி கட்டவும் அம்மைத் தழும்பு பார்க்கவும் கற்றுத் தந்தார்கள். கடைசியில் ஒரு கிழமை குடும்பத் திட்டம். குளிசை, லூப், ஆண்களுக்கான உறை, பெண்களுக்குக் குழாய் கட்டுவது. லூப் பாடம் எடுத்தவர் மேசையில் பிளாஸ்டிக் கருப்பை ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னார்: "நூல் இருந்தால் லூப் இருக்கிறது. லூப் இருந்தால் பிள்ளை இல்லை." நான் அதை இரண்டு நிற மையில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

எழுபதுகளின் முற்பகுதியில் குடாவுக்குத் தெற்கே ஒரு முஸ்லிம் ஊருக்கு நியமனம் வந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் என்கிற விசைப்படகை விட்டு இறங்கி, வாடகைக் காரில் சில மைல் போக வேண்டும். கிளினிக் இரண்டு அறை. ஒரு தராசு, ஒரு கட்டில், ஒரு அலுமாரி. பிள்ளைகளின் நிறை பார்க்கிற அட்டைகளுக்கு நடுவில்தான் லூப் அட்டைகளைச் செருகி வைப்போம். பிள்ளையை நிறுக்க வந்ததாகத்தான் எல்லாப் பெண்களும் வருவார்கள். சிலர் நிறுப்பதற்காக அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூட இரவல் வாங்கி வந்தார்கள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதன்கிழமை பட்டினத்திலிருந்து டொக்டர் வல்லிபுரம் வருவார். நெடிய, ஒடுங்கிய மனிதர். லோஞ்சில் தண்ணீர் தெறிக்கும்போது தன் தலையை விட்டுவிட்டுப் பைக்குத்தான் குடை பிடிப்பார். கிளினிக் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார். யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் லூப் போடுவதைப் பார்க்க வேண்டும். லூப் என்பது இரண்டு எஸ் எழுத்தை ஒட்டிவைத்தது மாதிரி நெளிந்த பிளாஸ்டிக்; அடியில் நைலோன் நூல். அயடீன் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கும். பெண் கட்டிலில் படுத்து, ஏதாவது ஊர்க்கதை சொல்லத் தொடங்கும் வரைக்கும் அவர் அதைத் தொடமாட்டார். நேராக்கிக் குழலுக்குள் அடைத்துவிட்டு நேரம் கடத்தினால் அது நெளிவை மறந்துவிடும். உள்ளே போய் மீண்டும் சுருளாது. முதலில் அளவுக் கம்பியை விட்டுக் கருப்பை எத்தனை ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு அடைப்பார், விடுவார், குழலை இழுப்பார். அவசரமே இருக்காது. நூலை இரண்டு விரற்கடை விட்டு வெட்டுவார். கடைசியில் அந்தப் பெண்ணையே விரல் விட்டு நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். "ஒவ்வொரு மாதமும் குளிச்ச பிறகு தொட்டுப் பாரும் பிள்ளை. நான் பட்டினத்தில இருக்கிறன், நூல் உம்மோட இருக்குது."

அவர் ஏசமாட்டார். ஏசினால் தேவலை என்று இருக்கும். ஒருமுறை கருவிகளை அவிக்காமல் வைத்திருந்தேன்.

"மண்ணெண்ணெய் முடிஞ்சுது டொக்டர்."

"சரி. பிறகு?"

"கடைக்குப் போனன், கடை பூட்டு."

"சரி. பிறகு?"

"பக்கத்து வீட்டில கேக்கலாம் எண்டு நினைச்சன்."

"சரி. பிறகு?"

"மறந்துபோனன் டொக்டர்."

"ஆ," என்றார். பையிலிருந்து அவித்துக் கட்டிக் கொண்டுவந்த இன்னொரு தொகுதியை எடுத்து வைத்தார். அந்த விடயம் அதோடு சரி.

சுலைகாவுக்கு அப்போது இருபத்தேழு வயது, நான்கு பிள்ளைகள். புருஷன் காலித் கடலுக்குப் போகிறவர். லூப் போட்ட முதல் வருடம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவள் வந்து கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

"மிஸி, இத எடுத்துடுங்க."

"ஏன்?"

"மாசம் ஒம்பது நாள் போகுது. ஒம்பது நாளும் நோன்பு இல்ல. ஒம்பதும் களா."

களா என்றால் விட்டுப்போன நோன்பைப் பிறகு பிடித்து நிறைவேற்றுவது. இரத்தம் போகிற நாளில் பெண்கள் நோன்பு பிடிப்பதில்லை. அந்த நாட்களை எண்ணி வைத்து, றமழான் போன பிறகு வேறு நாட்களில் பிடிப்பார்கள். எந்தப் பெண்ணுக்கும் தன் எண்ணிக்கை தவறாது.

"பெருநாளைக்குப் பொறகு ஊட்டுல எல்லாரும் வகவகயாத் திண்டுக்கிட்டு இரிக்கக்குள்ள நான் மட்டும் வாயப் பாத்துக்கிட்டு இரிக்கன் மிஸி."

"ரெண்டாம் வருசம் குறையும் சுலைகா. உடம்பு பழகிடும். நான் சொல்லுறன்தானே."

"நீங்க செல்லுவீங்க. நோன்பு உங்களுக்கா?"

ஆனாலும் எடுக்காமல் எழுந்து போனாள். என் வாய் வென்றது.

அடுத்த வருடம் பெருநாள் கழிந்து ஆறாம் நாள், ஒரு தட்டு இனிப்புத் தொதலோடு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மிஸி! முப்பதும் புடிச்சிட்டன். ஒரு களா இல்ல!"

"பாத்தீங்களே? நான் அப்பவே சொன்னனான்."

"ஓம் மிஸி. உங்கட வாயால மொதத் தரம் ஒரு உண்ம வந்திரிக்கி."

இருவரும் சிரித்தோம். நான் அட்டையை எடுத்தேன். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டேன்.

"பெருநாள் காலயில. கொஞ்சம்தான். கறுப்பா, கோப்பித் தண்ணி மாதிரி. நாலு நாளில நிண்டிட்டு."

பெருநாளை மனத்திலேயே ஆங்கிலத் திகதிக்கு மாற்றி எழுதினேன். அப்படி மாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கட்டிலில் படுக்க வைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். நூல் இருந்தது. அட்டையில் எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது: மாதவிடாய் ஒழுங்கு. அளவு குறைவு. நூல் உண்டு. முறைப்பாடு இல்லை. பிறகு தொதலைத் தின்றேன். நன்றாக இருந்தது.

ஐந்தாறு நாள் கழித்து டொக்டர் வருகிற புதன்கிழமை. அவருடைய லோஞ்ச் வருவதற்கு முன்னரே, காலை ஒன்பது மணி போல, சுலைகா வந்தாள். கூடவே அவள் புருஷனின் மூத்த சகோதரி மைமூன். மைமூனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. குரல் வேலிக்கு அப்பால் கேட்கும். கிளினிக்குக்குப் பாதிப் பெண்களைக் கூட்டி வந்தது அவர்தான். லூப் போட்ட ஆட்களில் அவரும் ஒருவர்.

"தோள் நோகுதாம் மிஸி. பெருநாளைக்கு மா இடிச்ச கை. எண்ணெ போட்டு உருவினன், கேக்குதில்ல," என்றார் மைமூன்.

வலது தோள். நான் செய்ததை மேலே சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்: கையைத் தூக்கி இறக்கும்போது அவளுக்கு நோகவில்லை. மூட்டில் நோவு என்றால் அசைக்க நோக வேண்டும். அதைக் கண்டேன், ஆனால் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகப் படவில்லை. குளிசையை நீட்டினேன்.

"நோன்பு மிஸி. ஆறு நோன்பு தொடங்கிட்டன். மஃரிபுக்குப் பொறகு குடிக்கன்."

மஃரிபு என்றால் பொழுது பட்டுத் தொழுகிற நேரம், நோன்பு திறக்கிற நேரம். பெருநாளுக்குப் பிறகு வருகிற அந்த மாதத்தில் விரும்பினவர்கள் ஆறு நோன்பு பிடிப்பார்கள். மற்றப் பெண்கள் முதலில் களாவை முடிக்க வேண்டும். சுலைகாவுக்குத்தான் களா இல்லையே. நேராக ஆறுக்குப் போய்விட்டாள்.

குளிசையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே போனவள், செருப்பைப் போடக் குனிந்தாள். குனிந்தபடியே விழுந்தாள்.

நாங்கள் தூக்கிக் கொண்டுவந்து கட்டிலில் போட்டோம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். கை சில்லென்று வேர்த்திருந்தது. "நோன்பு மயக்கம்," என்றேன் நான். "வெயிலும்தானே," என்றார் மைமூன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டோம். படுத்த பிறகு தோள் நோவு கூடுகிறது என்று சுலைகா சொன்னாள். அதற்கும் நான் ஒரு தலையணை கொடுத்தேன். காலித் கடலில்; வர அடுத்த நாள் ஆகும் என்றார் மைமூன்.

பத்தரைக்கு டொக்டர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கட்டிலைப் பார்த்தார்.

"என்ன?"

"தோள் நோவு டொக்டர். நோன்பு பிடிச்சு மயக்கம்."

"சரி. பிறகு?"

"லூப் போட்டவ. போன கிழமை பாத்தன். நூல் இருக்கு. மாதவிடாயும் ஒழுங்கா வந்திருக்கு."

அவர் நாடியைப் பிடித்தார். நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றின் மேல் கையை வைத்தார், அழுத்தவில்லை, வைத்தார். சுலைகா மூச்சைப் பிடித்தாள்.

"பிள்ளை, வயித்தில நோவிருக்கோ?"

"பெரிசா இல்ல டொக்டர். ஒரு கிழமயா வலப்பக்கம் புடிக்கும், உடும். இப்ப வெளிக்குப் போக வாற மாதிரி இரிக்கி. போனா ஒண்டுமில்ல."

மைமூனுக்குப் பொறுக்கவில்லை. "முப்பதும் புடிச்சிட்டு இப்ப ஆறும் புடிக்காள் டொக்டர். அதான் மயக்கம். நான் செல்லச் செல்லக் கேக்கல்ல."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை.

"இவவுக்கு மாதத்தில எத்தினை நாள் போறது?"

"எட்டு, ஒன்பது."

"நோன்பு எத்தினை நாள்?"

"முப்பது, டொக்டர்."

"சரி. பிறகு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாதம் தவறாமல் ஒன்பது நாள் போகிற பெண் முப்பது நாள் இடைவிடாமல் நோன்பு பிடிக்க முடியாது. அந்த மாதம் அவளுக்கு வரவேண்டியது வரவில்லை. பெருநாள் காலையில் வந்தது மாதவிடாயே இல்லை. அவள் அதை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் வாழ்த்திவிட்டுத் தொதல் தின்றேன்.

டொக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நீண்ட ஊசியைக் கேட்டார். கருப்பைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் முதலில் தேங்குவது அங்கேதான். உள்வழியாக ஊசியை விட்டு இழுத்தார். சிரிஞ்சு கறுத்த இரத்தத்தால் நிறைந்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் விட்டு என் கையில் தந்தார். "யன்னலுக்குப் பக்கத்தில பிடியும். உறையுதோ பாரும்." ஊசி தவறி இரத்த நாளத்தில் பட்டு வந்த இரத்தம் என்றால் சில நிமிடத்தில் உறைந்து கட்டியாகும். வயிற்றுக்குள் கிடந்த இரத்தம் உறையாது. நான் குழாயைச் சரித்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். அது தண்ணீர் மாதிரி ஓடியது. ஐந்து நிமிடம் கழித்தும் ஓடியது. என் பின்னால் அவர் சேலைன் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார். நரம்புகள் ஒடுங்கிப் போயிருந்தன.

"டொக்டர், நோன்பு," என்றாள் சுலைகா.

"தெரியும்."

"மஃரிபு மட்டும் பொறுத்தா?"

"மஃரிபு மட்டும் பொறுக்காது, பிள்ளை."

அவர் அதை நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். பிறகு மைமூன் குனிந்து அவள் கன்னத்தில் கை வைத்தார்.

"சுன்னத்து நோன்புதான்டி, கடம இல்ல. முறி. உனக்குப் பதிலா நான் ரெண்டு புடிக்கன்."

"உங்கட களாவே இன்னம் கெடக்கு மதினி," என்றாள் சுலைகா. உதடு வெளிறியிருந்தது. பிறகு கையை நீட்டிக் கொடுத்தாள்.

டொக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். விடியலுக்கு முன் சாப்பிட்ட பிறகு தண்ணீர்கூட இல்லையா? இல்லை. "நல்லது. மயக்கமருந்துக்கு வெறும் வயிறு." அன்று முழுக்க நான் கேட்ட நல்ல செய்தி அது ஒன்றுதான்.

லோஞ்ச் பன்னிரண்டுக்குத் திரும்பும். தன்னைக் கொண்டுவந்த கார்காரரிடம் டொக்டர் ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுத்து, முதலில் தபால் கந்தோரில் நிறுத்திப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னார். பிறகு அதே காரின் பின் சீட்டில் சுலைகாவைப் படுக்க வைத்தோம். கால்களை மைமூன் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் முழந்தாளில் இருந்து சேலைன் போத்தலைப் பிடித்தேன்.

லோஞ்சில் பலகையில் கிடத்தினோம். காற்று எழும்பியிருந்தது, குடா கொஞ்சம் குலுக்கியது. கோழிக்கூடைகளோடு வந்த வியாபாரி ஒருவர் கேட்காமலே கூடைகளை ஒதுக்கி, தன் சாரத்தை விரித்து வெயிலுக்கு மறைப்புக் கட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியை எண்ணித் துண்டில் எழுதச் சொன்னார் டொக்டர். ஒவ்வொரு முறையும் எண் கூடியது. நாடி மெலிந்தது.

"நூல் இருந்தது டொக்டர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூல் இருக்கும். நூல் லூப்பின்ர. அது லூப் இருக்குதெண்டு மட்டும்தான் சொல்லும்." பிறகு, சுலைகாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஆறுதலாக விளக்கினார். "லூப் கருப்பைக்குள்ள தங்க விடாது. குழாயில தங்கிறதை அந்தளவுக்குத் தடுக்காது. அதுக்காக லூப்பாலதான் வந்தது எண்டு நினையாதேயும். ஒண்டுமே போடாமல் விட்டால் பிள்ளையும் கூட, குழாயில நிக்கிற ஆபத்தும் கூட. ஆனால் லூப் இருக்க ஒண்டு தரிச்சால், முதல் சந்தேகம் குழாய். வேற எண்டு தெரியுமட்டும் குழாய்தான். விளங்கினதே?"

"தோள் ஏன் நோகுது?"

"இரத்தம் மேல ஏறி உதரவிதானத்தில படுது. அந்த நரம்பு தோளுக்கும் போகுது. அவ்வளவுதான்."

பட்டினத்து இறங்குதுறையில் ஸ்ரெச்சர் நின்றது. போன் போய்ச் சேர்ந்திருந்தது.

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் என்னை நிற்க விட்டார்கள், கையாள் போதவில்லை. வயிற்றைத் திறந்ததும் இரத்தம் மேசையின் ஓரம் வரைக்கும் வந்தது. இரத்த வங்கியில் அவளுடைய வகையில் ஒரு போத்தல்தான் இருந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு சின்ன உருக்குக் கிண்ணத்தைக் கேட்டார். வயிற்றுக்குள்ளிருந்து அவளுடைய இரத்தத்தையே அள்ளி அள்ளி ஊற்ற, நான் எட்டாக மடித்த அவித்த துணியை வடியாகப் பிடித்தேன். உறையாமல் இருக்க மருந்து விட்ட போத்தலுக்குள் அது சொட்டியது. போத்தல் நிறைய நிறைய அவள் கைக்குள் திரும்ப ஏற்றினார்கள். வலது குழாய் நடுவில் வெடித்திருந்தது. அதைக் கட்டி வெட்டி எடுத்தார்கள். இடது குழாய் சுகம். கையோடு லூப்பையும் கீழ்வழியால் எடுத்தார்கள்; அது இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நெளிவோடு, பழுதில்லாமல் இருந்தது.

பின்னேரம் வார்டில் கண் திறந்தவள் முதலில் கேட்டது, பாங்கு சொல்லியாகிவிட்டதா என்று.

அடுத்த நாள் காலித் வந்தார். கடல் உப்பு காயாத சாரம். "லூப்பாலயா மிஸி?" என்று கேட்டார். இல்லை, அவள் சொன்னதை நான் விளங்கிக்கொள்ளாததால் இவ்வளவு தூரம் வந்தது என்றேன். அவர் என்னைத் தாண்டி வார்டுக்குள் போனார். அதன் பிறகு அவர் என்னோடு கதைத்ததேயில்லை. அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

டொக்டர் என்னிடம் எழுத்தில் அறிக்கை கேட்டார். இரண்டு பக்கம் எழுதினேன். கல்லூரித் தமிழ், நல்ல தமிழ். பயிற்சியில் சொல்லித் தந்தபடி நூலைப் பரிசோதித்தேன், நோயாளி மாதவிடாய்த் திகதியைத் தானே கூறினார், இப்படி. கீழே பென்சிலில் "சரி. பிறகு?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். திருத்தி அனுப்பினேன். திரும்பவும் "சரி. பிறகு?" மூன்றாவது முறையும் அதே. நான்காவது முறை இரண்டே வரி எழுதினேன்: "முப்பது நோன்பும் பிடித்ததாக நோயாளி என்னிடம் சொன்னார். நான் அவரை வாழ்த்தினேன்." அதில் கையெழுத்து வைத்துக் கோப்பில் போட்டார். எனக்கு எதிராக வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. டொக்டர் வருகிற அடுத்த புதன்கிழமை வாசலில் வரிசை. எல்லோரும் லூப்பை எடுக்க வந்தவர்கள். முதல் ஆள் மைமூன்.

"எண்டதயும் எடுங்க மிஸி. இந்த வயசுல எனக்கு என்ன வரப்போகுது, ஆனா உங்கட நூல இனி நம்ப ஏலாது."

நான் பேசிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். டொக்டர் தடுத்தார். "கேட்டால் எடும். கெஞ்சாதேயும். ஆனால் எடுத்த பிறகு என்ன செய்யப் போறா எண்டு ஒவ்வொருத்தரிட்டையும் கேளும்." எடுத்தோம். கேட்டோம். சிலர் குளிசை கொண்டுபோனார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலருக்கு அடுத்த வருடம் நானே பிள்ளை எடுத்தேன். சுலைகா குளிசைக்கு மாறினாள். மாதம் ஒருமுறை வந்து வாங்கிப் போவாள். என்னோடு முன்போலப் பகிடி விட அவளுக்கு ஒரு வருடம் சென்றது.

நான் கேள்வியை மாற்றினேன். அந்த ஊரில் இருந்த வரைக்கும் "கடைசியாக எப்போது வந்தது" என்று யாரிடமும் தனியாகக் கேட்டதில்லை. "இந்த வருசம் களா எத்தினை? போன வருசம்? எந்தப் பிறையில விட்டனீங்க?" என்று கேட்டேன். பெண்கள் திகதியைத் தவறாகச் சொல்வார்கள், எனக்குப் பிடித்தமாகவும் சொல்வார்கள். களாவை அப்படிச் சொல்லமாட்டார்கள். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

எண்பதுகள் தொடங்கும்போது தம்பலகாமத்துக்கு மாற்றினார்கள். அங்கே பூமணி என்று ஒரு வயற்காரப் பெண். ஐந்தாம் பிள்ளையோடு குழாய் கட்டியவள். ஒரு காலை முற்றத்தில் நின்று சத்தி எடுத்தாள் என்று புருஷன் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தான். கூட்டி வந்தான் என்பதைவிடத் தள்ளிக்கொண்டு வந்தான் என்பது சரி.

"கட்டின பிறகு எப்பிடி வரும் மிஸி? நீங்களே சொல்லுங்கோ. எனக்கும் கணக்குத் தெரியும்."

கட்டினது அவளுக்கு, வேறு ஆளாலும் வராது என்பது அவனுடைய கணக்கில் இல்லை. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாதம் ஒழுங்காக வந்தது என்று சத்தியம் பண்ணினாள். பயத்தில் வேறென்ன சொல்வாள். நான் புருஷனை வெளியே கதிரையில் இருத்திவிட்டுக் கேட்டேன்.

"அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனனீரோ?"

"ஓம்."

"முதல் நாளில இருந்தோ?"

"எல்லா நாளும். ஒரு நாளும் விடேல்ல." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். "அதுக்கு முதல் மாதம் மாமான்ர வீட்டுக் கலியாணத்துக்கும் மணவறைக்குக் கிட்ட நிண்டனான், மிஸி."

வயிற்றில் வலி இடப்பக்கம் கொஞ்சம் என்றாள். தோள் இன்னும் நோகவில்லை. அடுத்த பஸ்ஸில் நானே பட்டினத்துக்குக் கூட்டிப் போனேன். குழாய் வெடிக்க முதல் திறந்தார்கள். கட்டிய குழாயும் சில வேளை மெல்லிய வழி விட்டுவிடும், அந்த வழியால் கரு போய் இடையில் நின்றுவிடும் என்று சத்திரசிகிச்சை டொக்டர் அவள் புருஷனுக்குப் படம் கீறிக் காட்டினார். அவன் படத்தைப் பார்த்தான். வெளியே போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு போத்தல் தேத்தண்ணியும் புதுச் சீப்பும் இருந்தன. கட்டிலின் அருகே இருந்து அவள் தலையை வாரிவிட்டான்.

இப்போது பை நிறையப் பட்டிகள் இருக்கின்றன, ஸ்கானும் இருக்கிறது. நல்லது. ஆனால் பட்டியை எடுப்பதற்கு முதல் யாருக்காவது சந்தேகம் வர வேண்டும். லூப் போட்டவள், குழாய் கட்டினவள் என்று அட்டையில் கண்டதும் அந்தச் சந்தேகம்தான் முதலில் படுத்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

டொக்டர் வல்லிபுரம் போய்ச் சேர்ந்து பல வருடம். மைமூனும் இல்லை.

சுலைகா இருக்கிறாள். வலது முழங்கால் மடங்காது, கதிரையில் இருந்துதான் தொழுகிறாள். மாதம் நின்றதிலிருந்து முப்பது நோன்பும் பிடிக்கிறாள், ஒரு களா இல்லை.